காணாமல் போன இரண்டு வெள்ளைக் கட்டைகள்

1. பேருந்தில் நடந்த எண்ணிக்கை

ரிப்பேர் முடித்துக் கொடுத்த ஆர்மோனியப் பெட்டி அன்றைக்கே திரும்பி வந்தால், காற்று ஒழுகியிருக்கும் அல்லது பித்தளை நாக்கு மாதிரி இருக்கிற ரீடு ஏதாவது ஒன்று ஊமையாகியிருக்கும். கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்துப் பெட்டி மட்டும் திருட்டுப் புகாரோடு திரும்பி வந்தது. எழுபதுகளின் கடைசி அது. திருவண்ணாமலை தேரடிப் பக்கம் சம்பந்தம் முதலாளியின் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

பெட்டியைக் கொண்டுவந்தவர் அந்தப் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர் கனகசபை. ஊரே அவரைத் தமிழய்யா என்றுதான் கூப்பிடும். பெட்டிக்கு வந்த நோய் எலி. துருத்திக்குள் ஒரு எலிக் குடும்பம் குடியிருந்தது. மெத்தைக்கு அது ஒன்பதாம் வகுப்பு அரைப்பரீட்சை விடைத்தாள்களைக் கிழித்துப் போட்டிருந்தது. ஒன்றில்கூட சிவப்பு மை படவில்லை. தமிழய்யா அவற்றை அவசரமாக வாங்கி ஜிப்பா பையில் திணித்துக்கொண்டார். நான் துருத்திக்குப் புதுத் தோல் ஒட்டி, ரீடுகளைச் சுத்தம் செய்து, வழக்கம்போல் ஒரு அட்டையில் "3 ஆக்டேவ் பெட்டி, வேலை முடிந்தது" என்று எழுதிக் கட்டிக் கொடுத்தேன். அந்த அட்டைதான் வினையாகிப் போனது.

ஆக்டேவ் என்றால் ஸ்தாயி. ச-வில் தொடங்கி ஏழு சுரமும் ஏறி, எட்டாவதாக மேல் ச-வில் போய் நிற்பது. இது எங்களுக்குத் தெரியும். தமிழய்யாவோ பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இங்கிலீஷ் வாத்தியாரிடம் கேட்டிருக்கிறார். அவர் அது எட்டைக் குறிக்கும் என்றும், இங்கிலீஷில் எட்டு அடிப் பாட்டுக்கும் அதே பெயர்தான் என்றும் சொல்லியிருக்கிறார். தமிழய்யாவுக்கு எட்டு என்றால் உயிர். அவர் எழுதுவதெல்லாம் எண்சீர் விருத்தம்தான். ஒவ்வொரு அடியிலும் எட்டு சீர் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. மூன்று ஆக்டேவ் என்றால் மூவெட்டு இருபத்துநான்கு. பெட்டியை மடியிலேயே திறந்து, விரல் வைத்து வாசிக்கிற வெள்ளைக் கட்டைகளை எண்ணினார். இருபத்திரண்டு. சந்தேகத்துக்குப் பேருந்தில் இருந்தவர்களும் ஆளுக்கு ஒரு தரம் எண்ணினார்கள். கண்டக்டரும் எண்ணிப் பார்த்தாராம். எல்லோருக்கும் இருபத்திரண்டுதான் வந்தது.

அடுத்த பேருந்திலேயே திரும்பி வந்துவிட்டார்.

2. விசாரணை

எங்கள் முதலாளி இருபது வருஷமாகப் பெட்டி பிரித்து மாட்டுகிறவர். அதுவரை கட்டைகளை எண்ணிப் பார்த்ததே இல்லை. தமிழய்யா கணக்கைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. விரல்விட்டு மூவெட்டைப் போட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இன்னாடா இது? மூணு எட்டு இருபத்தி நாலுதானே?" என்றார்.

கடையில் இருந்த மற்ற மூன்று பெட்டிகளையும் இழுத்துப் போட்டுத் திறந்து காட்டினேன். எல்லாவற்றிலும் வெள்ளைக் கட்டை இருபத்திரண்டுதான். இதோடு தப்பித்தோம் என்று நினைத்தேன். தமிழய்யா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அப்போ எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டா எடுத்திருக்கான்" என்றார். முதலாளியும் தலையாட்டினார். என் பெயர் ஏழுமலை என்று தெரிந்ததும் தமிழய்யாவின் சந்தேகம் முற்றிப்போனது. எட்டை ஏழாக்குகிற ஆளுக்குப் பொருத்தமான பெயர்தான் வைத்திருக்கிறார்கள் என்றார்.

நானும் விடவில்லை. முதல் ஸ்தாயி முடிகிற மேல் ச-தான் அடுத்த ஸ்தாயி தொடங்குகிற கீழ் ச, இரண்டுக்கும் ஒரே கட்டை என்று வாசித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரை எண்ணினால் எட்டு நாள் வருகிறது, அதற்காக மூன்று வாரத்துக்கு இருபத்துநான்கு நாளா என்று கேட்டேன். நாளை யாரும் திருட முடியாது, கட்டையைத் திருடலாம் என்றார். அந்தாதிப் பாட்டில் ஒரு பாட்டு முடிகிற சொல்லில்தானே அடுத்த பாட்டு தொடங்குகிறது, அது மாதிரிதான் இதுவும் என்றேன். இதில் அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அந்தாதியில ஒரே சொல்லா இருந்தாலும் நான் ரெண்டு எடத்துல எழுதுறேன். எனக்கு ரெண்டு தடவை மை ஆவுது. உங்களுக்கு மட்டும் ஒரு கட்டை போதுமா?"

வெள்ளிக்கிழமை பள்ளி ஆண்டு விழா. அதற்குள் இரண்டு கட்டையும் வந்து சேராவிட்டால் மேடையிலேயே கடையின் பெயரைச் சொல்லிவிடுவேன் என்று எச்சரித்துவிட்டு அவர் கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் முதலாளி தீர்ப்புச் சொன்னார். விழாவுக்குப் பெட்டி வாசிக்க நானே போக வேண்டும். தமிழய்யா வாயாலேயே கடை மேல் தப்பில்லை என்று சொல்ல வைத்துவிட்டு வர வேண்டும். முடியாவிட்டால் சனிக்கிழமை கடைப்பக்கம் வர வேண்டாம். எடுக்காத கட்டைக்கு வேலை போகப்போகிறதே என்று எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

3. ஆண்டு விழா

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னை மேடையின் நடுவில் உட்கார வைத்தார்கள். என் இரண்டு கையும் கூட்டத்துக்குத் தெரிய வேண்டும் என்பது தமிழய்யாவின் ஏற்பாடு. இருக்கிற இருபத்திரண்டிலும் இன்னும் குறைந்துவிடக் கூடாதல்லவா.

கடவுள் வாழ்த்து தமிழய்யாவே எழுதியது. மலையைப் பற்றி மூன்று எண்சீர் விருத்தம், அந்தாதியாக. முதல் பாட்டு "மலையே" என்று முடிந்து அடுத்தது "மலையே" என்று தொடங்கும். அது "நிழலே" என்று முடிந்து மூன்றாவது "நிழலே" என்று தொடங்கும். தாளை என் முன்னால் வைத்துவிட்டு நாலு கட்டை சுருதியில் பிடித்தார். நல்ல குரல்தான், பொய் சொல்லக்கூடாது. முதல் பாட்டின் கடைசியில் உருக்கம் மிஞ்சி "மலையே" என்று நீட்டினார். நீட்டியவர் அந்த மூச்சிலேயே அடுத்த பாட்டுக்குள் போய்விட்டார். "நிழலே" வந்த இடத்திலும் அப்படியேதான். நான் தாளைப் பார்த்தேன். அதில் இரண்டு சொல்லும் இரண்டிரண்டு தடவை எழுதியிருந்தது. ஒரு ரி-யைத் தப்பாகக்கூட வாசித்துவிட்டேன்.

மேடைக்குப் பின்னால் அவர் சோடா குடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன்.

"அய்யா, தாள்ல இருக்குற ரெண்டு சொல்லை நீங்க பாடுனதுல காணோம்."

அவர் சோடாவைக் கீழே வைத்தார். "மலையே" ஒரு தரம்தான் வந்தது, "நிழலே" ஒரு தரம்தான் வந்தது என்று தாளில் விரல் வைத்துக் காட்டினேன். அவர் வாய்க்குள் பாடிக்கொண்டே சீர்களை விரலில் எண்ணினார். இரண்டாம் பாட்டின் முதல் அடியில் ஏழு. மூன்றாம் பாட்டிலும் ஏழு. மறுபடியும் எண்ணினார். ஏழைத் தாண்டவில்லை.

"பாடும்போது ரெண்டும் ஒண்ணாச் சேந்துடும்டா," என்றார் மெதுவாக. "அங்க முடியறதும் இங்க தொடங்கறதும் அதுவேதான். கேக்கறவனுக்குப் பாட்டுல கொறை தெரியாது."

"பெட்டியிலயும் அதேதாங்கய்யா," என்றேன்.

அவர் தாளை மடித்து ஜிப்பா பையில் வைத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடை ஏறினார். அங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கும்மி அடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் புகுந்து மைக்கைப் பிடித்தார்.

"சபைக்கு ஒரு செய்தி. எட்டுன்றது ஏழும், திரும்பி வந்து சேர்ற ஒண்ணும். பெட்டியில கட்டை எதுவும் கம்மி ஆவல. நான்தான் தப்பா எண்ணிட்டேன். ஏழுமலை மேல எந்தத் தப்பும் இல்ல."

கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்குப் பெட்டி விஷயமே தெரியாது. விழா முடிந்துவிட்டதென்று கைதட்டிவிட்டு எழுந்துவிட்டார்கள். கும்மிப் பிள்ளைகளில் ஒன்று அழுதது. தலைமையாசிரியர் எல்லோரையும் உட்கார வைக்கப் படாத பாடு பட்டார்.

சனிக்கிழமை தமிழய்யா கடைக்கே வந்து முதலாளியிடம் இதையே இன்னொரு தரம் சொன்னார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. முதலாளி சிரித்தபடி, "எனக்கு அப்பவே தெரியும்டா" என்றார். மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டு வரும்போது அவர் தனியாக உட்கார்ந்து ஒரு பெட்டியின் வெள்ளைக் கட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

இந்த வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். அரைமணி நேரம் வாதாடி நான் அவரிடம் ஒன்றும் சாதிக்கவில்லை. ஐந்து நிமிஷம் அவர் பாட்டைக் கவனமாகக் கேட்டேன், காரியம் முடிந்தது. வாடிக்கையாளர் பேசட்டும், பாட வேண்டுமென்றால் பாடட்டும். நீங்கள் வாயை மூடிக்கொண்டு எண்ணுங்கள்.