கொழுப்பு அடங்கவில்லை

டெல்லி கிட்வாய் நகரில் எங்கள் எதிர்வீட்டு இளவரசி நரம்பு விஞ்ஞானி. கொழுப்பு ஏன் கரைய மறுக்கிறது என்று எலிகளை வைத்து ஆராய்கிறவள். அவள் கணவன் கௌதமனோ வருஷத்துக்கு வருஷம் பருத்துக்கொண்டே போனான். ஈரல் கெட்டுவருகிறது, எடை குறைந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லி நாளாகிறது.

கௌதமன் டெல்லியிலேயே பிறந்தவன். அவனுக்குத் தெரிந்த தமிழில் கொழுப்பு என்றால் திமிர்தான். "என் வைஃப் திமிரைப் பத்தி ரிசர்ச் பண்றா" என்பான். அவள் வேலை விஷயமாக யாரிடமாவது கொழுப்பு என்று சொன்னால் போதும், "யாருக்கு, எனக்கா?" என்று குறுக்கே புகுவான். "உங்களுக்குத்தான்" என்பாள் அவள். தினமும் நடக்கும் கூத்து இது.

காலனியில் ஆளாளுக்கு வைத்தியர்கள். வெந்தயத் தண்ணீர் குடி, வாயைக் கட்டு என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் தட்டில் என்ன விழுகிறது என்று நான் பார்த்திருக்கிறேன். பாவம், அரை வயிறுதான்.

"அவர் வாய் மேல தப்பே இல்லக்கா" என்று இளவரசி ஒருமுறை சொன்னாள். "கரையச் சொல்லி மூளை நரம்பு வழியா சேதி அனுப்புது. கொழுப்புக்குள்ள இருக்கிற நோய் எதிர்ப்பு செல்லுங்க அதை நடுவுலயே முழுங்கிடுது." முழுங்காமல் தடுக்க ஒரு மருந்தை எலிகளுக்குக் கொடுத்துவந்தாள். எலி இளைத்தால் அவனும் ஒருநாள் இளைப்பான் என்று நம்பினாள். நானும் நம்பினேன்.

போன வாரம் மாலை அவர்கள் வீட்டில் இருந்தேன். கௌதமன் வாக்கிங் போக, இளவரசி மாட்டிவிட்ட ஷூவோடு உட்கார்ந்திருந்தான். அவள், தன்னோடு ஆராய்ச்சியில் வேலை செய்பவளுடன் ஃபோனில் பேசினாள்.

"புதுசா பெருத்த எலியெல்லாம் மருந்துல இளைச்சிருச்சு. ரொம்ப நாளா குண்டா இருக்கிறதுக்குத்தான் கொழுப்பு அடங்கல. நரம்பே பட்டுப்போச்சு. இனி யார் சேதி சொல்றது?"

"யாருக்குக் கொழுப்பு அடங்கல, எனக்கா?" என்று அவன் சிரித்தான்.

அவள் வாயைத் திறந்தாள். வழக்கமான பதில் வரவில்லை.

"எலிக்குத்தானே?" என்றான்.

"எலிக்குத்தாங்க."

அவள் முகத்தைப் பார்த்தான். "அச்சா" என்றான்.

ஷூவைக் கழற்றக் குனிந்தான். வயிறு இடித்தது, கை எட்டவில்லை. இளவரசி தரையில் உட்கார்ந்து லேஸை அவிழ்த்துவிட்டாள்.