முதலாளியோடு நடக்க ஒரு ஷூ

சர்க்கரை வந்து பல வருஷமாகிவிட்டது எனக்கு. பாதம் மரத்துப்போய், செருப்பு காலில் இருக்கிறதா, வழியில் கழன்றுவிட்டதா என்பதையே குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த மெத்து மெத்தென்ற செருப்பைத் தவிர வேறெதையும் போடுவதில்லை. அப்படிப்பட்ட ஆளைத்தான் கோல்ஃப் ஷூ வாங்கி மாட்டிக்கொண்டு மலைக்கு வரச் சொன்னார்கள். என் தலையெழுத்து, வேறென்ன சொல்ல.

அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லில் நான் மேனேஜர். வீடு திருச்சுழியில். திருச்சுழிக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து காலை ஷிப்டுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மில் பஸ் வரும். நானும் அதில்தான் போவேன், முன்சீட்டில். அந்த பஸ்ஸை நிறுத்திவிடலாம் என்று தலைமை ஆபீசில் பேச்சு அடிபட்டது. முதல் டவுன் பஸ் வருவதற்குள் ஷிப்டு தொடங்கிவிடும். ஆகவே பஸ் நின்றால் அந்தப் பெண்களுக்கு வேலையும் நின்றுபோகும்.

"முதலாளிகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார். நீங்க சொன்னா அவுக கேப்பாக" என்றாள் அவர்களில் மூத்தவள். இரண்டு வருஷமாக மழை ஏமாற்றி, விதைத்த உளுந்தும் மல்லியும் மண்ணோடு போனபின் மில்லுக்கு வந்தவள். சொல்கிறேன் என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

முதலாளி மில்லுக்கு வருவதே அபூர்வம். போனில் பிடிக்கவும் முடியாது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைமேல் கோல்ஃப் ஆடுவார். ஏதாவது பேச வேண்டுமென்றால் பந்துக்குப் பின்னாலேயே அவரோடு நடந்துகொண்டு பேச வேண்டும். எல்லா மேனேஜர்களுக்கும் அதுதான் வழக்கம். "செருப்போட வந்தா உள்ள விடமாட்டாங்க சார். அதுக்குன்னு ஷூ இருக்கு" என்று தலைமை ஆபீஸ் கிளார்க் முன்கூட்டியே எச்சரித்தார்.

அருப்புக்கோட்டைக் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கோல்ஃபா? அண்ணாச்சி, நம்மூர்ல அதக் கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான். பள்ளிக்கூட ஷூ இருக்கு. மில்லுல போடுற இரும்பு மூக்கு ஷூ இருக்கு. ரெண்டுல எதுன்னாலும் எடுத்துக்கோங்க."

பிறகு மதுரைக்குப் போனோம், நானும் வீட்டுக்காரியும். சாயங்காலத்தில்தான் ஷூ வாங்க வேண்டுமாம், அப்போதுதான் கால் வீங்கி உண்மையான அளவுக்கு வருமாம். மகள் போனில் பாடம் எடுத்திருந்தாள். போடப்போகிற சாக்ஸையே போட்டுப் பார்க்கணும், விரல் உள்ளே அசையணும், அடியில் இரும்பு ஆணி வேண்டாம், ரப்பர் குமிழ் போதும், கையில் எடுத்தால் கனமே தெரியக்கூடாது. ஒரு நடைக்கு இத்தனை சடங்கா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

கடைப்பையன் முதலில் எடுத்துவைத்ததன் விலையைக் கேட்டதும் வீட்டுக்காரி, "ஏங்க, இத மாட்டிக்கிட்டு நடக்கணுமா, இல்ல பூசை பண்ணணுமா?" என்று கேட்டுவிட்டாள். பையன் சிரித்துக்கொண்டே கீழ்த்தட்டிலிருந்து போன வருஷத்து மாடல் ஒன்றை எடுத்தான். பால் வெள்ளை. எங்கள் கரிசலில் வெள்ளை ஷூ! ஆனால் விலை கட்டுப்படியானது.

"எப்படி சார், கம்ஃபர்ட்டா இருக்கா?"

நான் என்னத்தைச் சொல்வது? கல்லைக் கட்டினாலும் பஞ்சைக் கட்டினாலும் எனக்கு ஒன்றுதான். "அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது தம்பி, எங்கிட்டக் கேளு" என்று வீட்டுக்காரி கீழே உட்கார்ந்துவிட்டாள். ஷூவுக்குள் கையை விட்டுத் தையல் குத்துகிறதா என்று தடவினாள். மாட்டியபின் நுனியைக் கட்டைவிரலால் அமுக்கினாள், குதிகாலில் விரலை நுழைத்தாள். கடையில் இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று கூச்சமாக இருந்தது. "இது போதும். இது ஒங்கள ஒண்ணும் செய்யாது" என்றாள்.

புது ஷூவைப் பழக்கவென்று காலையில் கண்மாய்க்கரையில் நடந்தேன். முதல்நாளே ஆடு மேய்க்கிறவர்கள் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். "ஏலே, சார் கால்ல என்னலே அது, ரெண்டு கொக்கு!" என்றான் ஒருவன். ரப்பர் குமிழ்களுக்கு இடையே கரிசல் அப்பிக்கொண்டு, திரும்பும்போது ஒவ்வொரு காலும் அம்மிக்கல்லாகக் கனக்கும். வீட்டுக்காரி குச்சியால் நோண்டி நோண்டி எடுப்பாள். கரை முழுக்கச் சீமைக்கருவேலம். கடைசி நாள் நடையில் அதன் முள் ஒன்று ரப்பரில் ஏறி ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

மலைமேல் எங்கு பார்த்தாலும் புல். எங்கள் ஊர் ஆடுகளெல்லாம் கனவு காண்கிற புல். முதலாளி அன்பாகத்தான் பேசினார், அதைச் சொல்ல வேண்டும். "வாங்க மேனேஜர், ஷூவெல்லாம் பிரமாதமா இருக்கே" என்றார். அடிக்கிறார், நடக்கிறோம், நிற்கிறோம், மறுபடி அடிக்கிறார். நான் பஸ் பேச்சை எடுத்தபோதெல்லாம் ஒன்று பந்தைத் தேட வேண்டியிருந்தது, அல்லது காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டியிருந்தது. "டீசல் என்ன விலை விக்குது தெரியுமா?" என்றார் ஒருமுறை. ஏறி இறங்கி எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. காலில் மட்டும் எதுவும் தெரியவில்லை. ஷூ நல்ல ஷூதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் பந்து விழ வேண்டிய குழியும் அதில் நட்ட கொடியும் இருந்த இடத்துக்கு வந்தோம். மற்ற இடத்துப் புல்லைப் போலில்லை அது. மட்டமாக, ஒட்ட வெட்டி, நேற்று முளைத்த பயிர் மாதிரி இருந்தது. முதலாளி ஏறிப் போய்விட்டார். எனக்கு ஓரத்திலேயே கால் நின்றுவிட்டது. எங்களுடையது சம்சாரிக் குடும்பம், உழுது பிழைத்தவர்கள். கதிரடிக்கிற களத்துக்குள்ளும் விதைத்த நிலத்துக்குள்ளும் செருப்போடு கால் வைக்கமாட்டோம். வைத்தால் அப்பா கையில் எது கிடைக்கிறதோ அதுதான் முதுகில் விழும். இது களமா, விதைப்பாடா என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. குனிந்து இரண்டு ஷூவையும் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு ஏறினேன்.

முதலாளியின் பையைச் சுமந்துவந்த ஆள் முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு என் காலைக் காட்டினார். வலது சாக்ஸின் அடிப்பாகம் முழுக்க ரத்தம். பச்சைப் புல்லிலும் நான் வைத்த இடமெல்லாம் கறை.

"ஐயய்யோ, என்னங்க இது! வலிக்கலையா?" முதலாளி பதறிப்போய் கையிலிருந்த மட்டையைக் கீழே போட்டுவிட்டார்.

"தெரியலைங்கய்யா" என்றேன். அதுதான் உண்மை.

"இனி ஒரு எட்டு நடக்கக் கூடாது நீங்க" என்றவர், போன் போட்டு யாரையோ சத்தம் போட்டார். கண்ணை மூடித் திறப்பதற்குள் பேட்டரி வண்டி வந்து நின்றது. ஷூவைத் தன் கையாலேயே எடுத்து வண்டியில் வைத்தார். ஏறி உட்கார்ந்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுகூடத் தெரியவில்லை.

"ஐயா, எனக்கு இந்தா இருக்குற தூரத்துக்கு வண்டி வந்துருச்சு. அந்தப் பிள்ளைகளுக்கு அந்த பஸ்ஸ மட்டும் நிறுத்திராதீங்கய்யா" என்றேன்.

அவர் என் தோளைத் தட்டினார். "முதல்ல காலைப் பாருங்க. மத்ததை நான் யோசிக்கிறேன்."

யோசித்தார். நான் கட்டுப்போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தபோது தலைமை ஆபீசிலிருந்து போன் வந்தது. மாசம் பிறந்ததும் பஸ் கிடையாதாம். "ஆனா சார், ஒங்களுக்குக் கால் ஆறுற வரைக்கும் தெனமும் வீட்டுக்கே கார் அனுப்பச் சொல்லிட்டாரு. ஒங்க மேல அவருக்கு அவ்வளவு பிரியம்" என்றார் கிளார்க். வீட்டுக்காரி முள்ளை எடுத்த ஷூவைக் கழுவி வெயிலில் காயவைத்திருந்தாள். அந்த வெள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பஸ் நின்ற முதல்நாள் கார் வந்தது. பஸ் ஓட்டிய டிரைவரேதான். நேரே மில்லுக்குப் போகாமல் அந்த மூத்தவளின் ஊர்ப் பக்கம் திருப்பச் சொன்னேன். பஸ் வராது என்று சொல்லியும் கேட்காமல் அந்த ஊர்ப் பெண்கள் எல்லாரும் சாப்பாட்டுத் தூக்கோடு பஸ் நிற்கிற இடத்திலேயே நின்றிருந்தார்கள். முன்சீட்டில் என் கால் கட்டு. பின்னால் நெருக்கியடித்து நான்கு பேர் ஏறினார்கள். மூத்தவள் ஏறவில்லை. சின்னப் பிள்ளைகளை ஏற்றிவிட்டு, கார்க் கதவை அவளே சாத்தினாள். முதலாளியிடம் சொன்னீர்களா, அவர் என்ன சொன்னார் என்று கேட்பாள், திட்டக்கூடச் செய்வாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அவள் ஜன்னல் வழியே குனிந்து என் கட்டைத்தான் பார்த்தாள்.

"எங்களுக்காக மலையெல்லாம் ஏறி நடந்தீகளாமே சார். நடக்காதீக இனி. நாங்க நடந்துக்கிடுறோம்" என்றாள்.