மாமி சுட்ட கட்லட்

எனக்கு இறால் ஆகாது. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் சொன்ன இடத்திலெல்லாம் யாராவது சிரித்திருக்கிறார்கள். மட்டக்களப்பு வாவிக்கரையில் பிறந்த ஒரு பெண் இறால் தின்னமாட்டாள் என்றால், எங்கள் ஊரில் அவளுக்குச் செருக்கு என்று அர்த்தம். சின்ன வயதில் ஒருமுறை இறால் தின்று உடம்பெல்லாம் தடித்ததிலிருந்து அம்மா அதை என் தட்டில் வைப்பதே இல்லை.

குருக்கள்மடத்தில் இருந்த மாமிக்கு, அதாவது அம்மாவின் தமையன் மனைவிக்கு, இது பிடிக்கவில்லை. அவரிடம் ஒரு தத்துவம் இருந்தது. கடல் இறால்தான் கிரந்தி, அதுதான் தோலில் தடிப்பைக் கொண்டுவரும். வாவி இறால் நமது தண்ணீரில் வளர்ந்தது, நமது பிள்ளைகளை ஒன்றும் செய்யாது. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அந்த ஆற்றின் மேல் மாமிக்கு அவ்வளவு நம்பிக்கை.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, யேசு பிறந்த நத்தார் நாளில், மதியச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்குப் போனோம். கட்லட் வந்தது. இது என்ன கட்லட் என்று அம்மா கேட்டார்.

"மீன்தான் மச்சாள், பயப்படாமக் குடுங்க."

இரண்டு தின்றேன். ருசியாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை அரித்தது, நாக்கு தினவெடுத்தது. நத்தார் நாளில் அம்மாவைக் கலவரப்படுத்த மனமில்லாமல், கைகளைப் புதுச் சட்டையில் தேய்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அப்போதுதான் மாமி எல்லாருக்கும் நடுவில் வந்து நின்றார்.

"அது மீனில்ல, நம்மட ஆத்து இறால்! ரெண்டு திண்டாள், அது என்ன செஞ்ச? ஒண்டும் செய்யல்லதானே!"

அவர் சொல்லி முடிக்கும் முன் என் உதடு வீங்கத் தொடங்கியது. குரல் அடைத்தது. எந்த நியாயப்படி பார்த்தாலும் மாமி அந்த இடத்தில் தோற்றிருக்க வேண்டும். தோற்கவில்லை.

"பாத்தீங்களா, சொன்ன பொறகுதான் வருது. எல்லாம் பயம்!"

வீடே ஆமாம் போட்டது. அதற்கு முன்பே என் கைகள் அரித்ததை யாரும் கேட்கவில்லை. சொல்ல எனக்குக் குரலும் இல்லை. மாமாவோ கண்ணூறு என்றார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய் ஜெபிக்கிற மெதடிஸ்தக் குடும்பம், உப்பையும் செத்தல் மிளகாயையும் என் தலையைச் சுற்றி நெருப்பில் போட்டது. மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளையின் முகத்தில் மிளகாய்ப் புகை! அப்பாதான் என்னைப் பறித்துத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். மூச்சு மெல்லத் திரும்பி வந்தது.

உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தபோதுதான் நடந்தது எனக்குத் தெரிந்தது. முதலில் தின்ற இறாலுக்கு எதிராகவே என் உடம்பு பிறபொருளெதிரிகளைச் செய்து, தோலிலும் தொண்டையிலும் குடலிலும் இருக்கும் மாஸ்ட் கலங்கள் என்ற உயிரணுக்களின் மேல் ஒட்டி வைத்திருந்திருக்கிறது. மறுபடி இறாலின் புரதம் வந்து அவற்றைப் பற்றியதும், அந்தக் கலங்கள் தங்களுக்குள் கட்டி வைத்திருந்த ஹிஸ்டமினைக் கொட்டிவிட்டன. குருதிக்குழாய்கள் கசிந்தன, தொண்டை வீங்கியது, சுவாசக்குழாய் இறுகியது. இறால் ஆற்றில் பிடித்ததா கடலில் பிடித்ததா என்று அவை விசாரிப்பதில்லை. மாமியின் அறிவிப்புக்காகக் காத்திருப்பதும் இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன். "ஒரு ஊசியோட எழும்பிட்டாள், அப்ப பயம்தானே" என்று மாமி ஊரெல்லாம் சொல்லிவிட்டிருந்தார். கூடவே, ஆசையாகச் சமைத்த நத்தார்ச் சாப்பாடு கெட்டுப்போனதென்று அழுதுகொண்டும் இருந்தாராம். தமையன் வீட்டோடு மனக்கசப்பு வேண்டாம் என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். என்னைக் குருக்கள்மடத்துக்குக் கூட்டிப்போய் மெல்ல முன்னே தள்ளினார்.

"மாமிட்ட மன்னிப்புக் கேளு மகள்."

கேட்டேன். இனிமேல் பயப்பட மாட்டேன் என்று சத்தியமும் செய்து கொடுத்தேன். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தலையைத் தடவினார். "சரி, போகட்டும்" என்று பெரிய மனதோடு மன்னித்தார்.

சாகக் கிடந்தவள் நான் என்பதோ, அந்த வீட்டில் மன்னிக்கும் உரிமை எனக்குத்தான் இருந்தது என்பதோ அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. மாமி மன்னித்துவிட்டாரே என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.