பூசணக்கா

அக்கா இலையை ஆல்கஹாலில் முக்கி எடுக்கிறார். ப்ளீச்சில் ஒரு நிமிடம், சுத்த நீரில் மூன்று முறை. கழுவிய கடைசி நீரையும் ஒரு தட்டில் ஊற்றி வைக்கிறார். "இதுல ஒண்ணும் முளைக்கலைன்னாதான், இலையிலேருந்து வர்றது நெசமாவே உள்ள இருந்ததுன்னு அர்த்தம்." பிறகு இலையைப் பொடிப்பொடியாக நறுக்கி, பூஞ்சை வளர்க்கும் அகார் கூழ் பரப்பிய தட்டில் அடுக்கிவிட்டுக் காத்திருப்பார். ஐந்தாம் நாள் வெட்டிய ஓரத்தில் வெள்ளை இழை எட்டிப் பார்க்கும்.

மூலிகைகளுக்குள் ஒரு கெடுதலும் செய்யாமல் குடியிருக்கும் பூஞ்சைகளைப் பிரித்தெடுப்பது அவர் வேலை. ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் 'பூசணக்கா'. "நாக்கு கொஞ்சம் பிசகினா காயாயிடுவேன்" என்று அவரே சிரிப்பார். தலையில் பூ வைக்க மாட்டார், பவுடர் பூச மாட்டார். பூஞ்சைகளோடு மட்டும் சளைக்காமல் பேசுவார்.

நான்கு வருடங்களுக்கு முன் அவர் பிரித்த ஒரு பூஞ்சை, கிருமியைக் கொல்லும் மஞ்சள் சாறு சுரந்தது. ஆய்வகமே துள்ளியது. அதைப் புதுப்புதுத் தட்டுகளுக்கு மாற்றி வளர்க்க வளர்க்க, சாறு வற்றிவிட்டது. பூஞ்சை என்னவோ கொழுகொழுவென்றுதான் வளர்ந்தது. "தூக்கிப் போட்டுடுங்கம்மா" என்றார் இயக்குநர்.

"செடிக்குள்ள இருந்தவரைக்கும் அதுக்குச் சொல்ல ஏதோ இருந்துச்சு சார். இங்க யார்கிட்ட பேசும்?"

அவருடைய ஒரே மகன் வேலைக்காகக் கடல் தாண்டிப் போய் ஆறு வருடம். தினமும் பேசியவன் வாரம் ஒருமுறை என்று ஆனான். இப்போது நினைத்தால் உண்டு. "சாப்டியான்னா 'ம்'. நல்லாருக்கியான்னா 'ம்'. சின்னதுல அவனுக்கு வாயே ஓயாது தம்பி" என்று, அவ்வப்போது ஆய்வகத்துக்குப் போய்வரும் என்னிடம் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பூஞ்சையை இளஞ்செடி ஒன்றுக்குள் மறுபடி ஏற்றினார். ஏழு மாதம் கழித்து அதே செடியிலிருந்து பிரித்தார். நான் போயிருந்த அன்று கண்ணாடிக் கூண்டுக்குள் கையை விட்டு, தட்டைத் திறந்து வைத்திருந்தார். பூஞ்சையைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையம்.

"வந்துடுச்சு தம்பி!" தட்டை என் பக்கம் சாய்த்துக் காட்டினார். கூண்டுக்குள் ஒரு விசிறி சுத்தமான காற்றை ஊதிக்கொண்டே இருந்தது. அது நின்றால் தூசி விழுந்து தட்டு கெட்டுவிடும். ஏழு மாதமும் போகும்.

அப்போது மேசைமேல் அவருடைய கைபேசி அடித்தது. மகன். எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அவர் முகத்தருகே பிடித்தேன்.

"அம்மா... என்னமோ தெரியலம்மா, இன்னிக்கு..."

மற்றது விசிறி இரைச்சலில் கேட்கவில்லை.

தட்டு திறந்தே கிடந்தது. அக்கா முழங்கையால் சுவிட்சைத் தட்டி விசிறியை நிறுத்தினார்.