மாத்திரை முகத்தோடு துணிக்கடையில்

துணிக்கடையில் நிற்கிற பெண்ணுக்குச் சம்பளம் கொடுப்பது துணி விற்பதற்கு. வருகிறவர்கள் எல்லாரும் அவள் உடம்பைப் பற்றிச் சொல்லும் அபிப்பிராயத்தைக் கேட்டுக்கொள்வது அவள் செய்யும் தர்மம்.

நான் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. செமஸ்டர் விடுமுறையிலும், தீபாவளி நெருங்கும் வாரக் கடைசிகளிலும் தங்காக்கில் ஒரு துணிக்கடையில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு லூப்பஸ் என்று கண்டுபிடித்தார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கிருமியை அடிக்க வேண்டிய நம் உடம்பின் காவல்படை, ஆள் அடையாளம் தெரியாமல் நம்மையே போட்டு அடிக்கும். என்னிடம் அது மூட்டில் ஆரம்பித்துக் கிட்னியில் கைவைத்தது. அதை அடக்கி வைத்திருப்பது ஸ்டீராய்டு மாத்திரை. மாத்திரை கிட்னியைக் காப்பாற்றும். பதிலுக்கு முகத்தை வட்டமாக்கும், வயிற்றைத் தள்ளும், பசியைக் கட்டவிழ்த்து விடும். ஐம்பத்திரண்டு கிலோவில் ஆரம்பித்தவள் எழுபதைத் தொட்டேன். டாக்டர் முதல் நாளே சொன்னது ஒன்றுதான்: என்ன ஆனாலும் நீயாக மாத்திரையை நிறுத்தாதே.

சின்ன விதி. அதை மீறச் சொல்லி ஊரே வரிசையில் நின்றது. அதே வரிசையை உங்கள் ஆபீஸிலும் கல்யாண வீட்டிலும் பார்த்திருப்பீர்கள், என் சக மாத்திரைக்காரர்களே. வாருங்கள், கொஞ்ச நேரம் சேர்ந்து கோபப்படுவோம்.

நல்லா இருந்த புள்ள

நோய் இன்னதென்று தெரியாத காலம். சாப்பாடு இறங்காது, காய்ச்சல் விட்டு விட்டு வரும், சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. மாடியில் இருக்கும் பட்டுப் பிரிவுக்கு ஏறுவதற்குள் படியில் இரண்டு முறை உட்காருவேன். மூக்கின் இரண்டு பக்கமும் கன்னம் சிவந்து கிடக்கும். பெக்கோக்கிலிருந்து மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்த ஓர் ஆண்ட்டி, அந்தச் சிவப்பைப் பார்த்து என்ன பவுடர் போடுகிறேன் என்று கேட்டார். பிறகு என் இடுப்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். “என்னா டயட்டு மா? எம் மகளுக்கும் சொல்லேன்.” சொல்லியிருப்பேன். பெயர்தான் எனக்கே அப்போது தெரியாது.

போன தீபாவளிக்கு அதே ஆண்ட்டி திரும்ப வந்தார். இப்போது எனக்குக் காய்ச்சல் இல்லை. முடி முளைத்துவிட்டது. பட்டுப் பிரிவுக்கு ஒரே மூச்சில் ஏறுகிறேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை அளந்தார், கையிலிருந்த சேலையை மேசைமேல் வைத்துவிட்டு, துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்: “அலமாக்! என்னா மா ஆச்சு? நல்லா இருந்த புள்ள!”

லங்சிர் பக்கம்

எங்கள் கடையில் சேலையை மடிப்போடு காட்டினால் போதாது. விற்கிற பெண் முந்தானையைத் தன் தோளில் போட்டு, கண்ணாடி முன் நின்று காட்ட வேண்டும். அதற்குத்தான் என்னை முதலில் எடுத்தார்கள். முகம் வட்டமான மூன்றாவது மாதம், முதலாளியம்மா என்னைக் கீழே லங்சிர் விற்கும் பக்கத்துக்கு மாற்றினார். ஜன்னலில் திரையாகத் தொங்குமே, அந்த லங்சிர். முதலாளியம்மா நல்லவர்தான், பசியாறிவிட்டாயா என்று கேட்காமல் காலையில் ஒரு வேலை சொல்ல மாட்டார். ஆனால் ஏன் என்று கேட்காமல் இருக்க எனக்குத் தெரியாது.

“மாடி ஏறுனா மூச்சு வாங்குமேன்னுதான் மா.”

“இப்ப வாங்கல மா. அப்பதான் வாங்குச்சு. அப்ப மேலதான வெச்சிருந்தீங்க?”

“இல்ல, ஒடம்புக்கு முடியாத புள்ள…”

“லங்சிர் ரோல் ஒண்ணு தூக்கிப் பாருங்க. சேலைய விட அதுதான் கனம்.” அதோடு விட்டேனா? சேலை எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் என் உடம்புக்காரர்கள்தான், பொம்மைமேல் பார்த்து வாங்கிப்போய் வீட்டில் கட்டிப் பார்த்து அழுகிறவர்கள் என்று ஒரு முழு வாதத்தையும் வைத்தேன். முதலாளியம்மா பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு என் தோளைத் தட்டினார். “கோவிச்சுக்காத லா. லங்சிர் வாங்க வர்றவங்க ஜன்னல நெனச்சுக்கிட்டு வருவாங்க. ஆளப் பாக்க மாட்டாங்க.”

எட்டு ஜன்னல் அக்கா

பார்த்தார்கள். புது வீட்டுக்கு எட்டு ஜன்னலுக்கு லங்சிர் எடுக்க வந்த ஓர் அக்கா, ஜன்னல் அளவைச் சொல்லும் முன்பே என் இடுப்பளவைக் கேட்டார். பையிலிருந்து காப்பிப் பொட்டலங்கள் வெளியே வந்தன. குடித்தால் ஒரு மாதத்தில் ஆறு கிலோ போய்விடுமாம்; ஆனால் ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டுத்தான் குடிக்க வேண்டுமாம், இரண்டும் ஒத்துக்கொள்ளாதாம். நான் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் ஒரு மெல்லிய பெண்ணின் படம். பின்பக்கம் அதே பெண்.

“உள்ள என்னா போட்டிருக்காங்கக்கா?”

“எல்லாம் மூலிகதான்.”

“என்னா மூலிக? எனக்குக் கிட்னியில பிரச்சின. தெரியாம எதையும் குடிக்க முடியாது.”

மலைமூலிகை என்றார். எந்த மலை என்றேன். குடித்தவர்கள் யாருக்காவது ரத்தம் பரிசோதித்தீர்களா என்றேன். அவர் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் திரும்பப் போட்டார். கோபமில்லை, என்மேல் உண்மையாகவே இரக்கம். “இத நம்பிக் குடிக்கணும் மா. உள்ள என்னான்னு கேக்கறவங்களுக்கு வேல செய்யாது.”

யார் வீட்டுத் தட்டு?

ஸ்டீராய்டு பசியைப் பசி என்று சொல்வது தப்பு. அது உத்தரவு. சாப்பிட்டுக் கை கழுவும்போதே அடுத்த சாப்பாட்டைப் பற்றி மூளை கூட்டம் போடும். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண்ணிடம் இதைச் சொல்லி வாதாடிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. கால் தட்டு சோறு, கால் தட்டு மீன், அரைத் தட்டு காய் என்று படம் போட்ட தாளைக் கையில் கொடுத்தார்.

பிடிக்கவில்லை என்றாலும் கடைப்பிடித்தேன். தேநீர் கோசோங், சீனி கிடையாது. உப்புக் கருவாட்டைப் பார்த்தால் கும்பிட்டு விலகுவேன். ஆனால் மதியச் சாப்பாட்டுக் கடையில் நான் எடுக்கும் தட்டு நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனதை நானே கவனிக்கவில்லை. கடைசியில் மீன் தலை பரிமாறும் நீள்வட்டத் தட்டில் வந்து நின்றேன். கால் தட்டு கால் தட்டுதானே! கூடச் சாப்பிடுகிற செல்வி அக்கா எங்கள் கடைத் தையல்காரர், கண்ணாலேயே அளவெடுத்துவிடுவார். என் தட்டையும் அளந்தார். “ஒனக்கு ஒண்ணும் இல்ல மா. தட்டுக்குத்தான் லூப்பஸ் வந்து வீங்கிப்போச்சு.”

எட்டு நாள்

இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. இத்தனை பேரிடம் வாதாடி ஜெயித்தவள், என்னிடமே தோற்றேன்.

பெரியப்பா மகளுக்குக் குளுவாங்கில் நிச்சயதார்த்தம் வந்தது. போன வருட ரவிக்கையில் கை நுழையவில்லை. அன்று கடையில் யாரோ மூன்று பேர் வரிசையாக மாத்திரையைக் குறை சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டுக்குப் போய் மாத்திரைப் பெட்டியை அலமாரிக்குள் தள்ளினேன். நான்காம் நாள் ஒரு கிலோ குறைந்தது. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. ஆறாம் நாள் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. எட்டாம் நாள் மூன்று கிலோ கூடியிருந்தது. சப்பாத்து வார் அழுந்திய இடம் கணுக்காலில் பள்ளமாக நின்றது. சிறுநீரில் சவர்க்கார நுரைபோல் நுரை. நண்பர்களே, நான்கே நாளில் மூன்று கிலோ ஏறினால் அது நீங்கள் சாப்பிட்ட சோறு இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஓடினேன். டாக்டர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்த தமிழ்ப் பெண். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், காலை அழுத்திப் பார்த்தார், மாத்திரையை முன்பு இருந்ததைவிடக் கூட்டி எழுதினார். நான் இறக்கியதெல்லாம் வட்டியோடு ஏறப்போகிறது. யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டார். சேலை எடுக்க வந்த ஆண்ட்டிகள், எட்டு ஜன்னல் அக்கா, அத்தை, அடுத்த வீடு என்று விரல்விட்டுச் சொன்னேன். அவர் பேனாவை மூடினார். “சரி. இவங்கள்ல யாரு ஒனக்குக் கிட்னி குடுக்கறேன்னு சொல்லியிருக்காங்க?”

வெறும் வயிற்றில் போடாதே

நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு வாரம் முன் செல்வி அக்காவிடம் புது ரவிக்கைக்கு அளவு கொடுத்தேன். கொஞ்சம் இறுக்கித் தைக்கவா, அதற்குள் இளைத்துவிடுவாயா என்று கேட்டார். இன்றைக்கு இருக்கிற அளவுக்கே தையுங்கள் என்றேன். எடையே குறைக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கவில்லை. வெயில் எனக்கு ஆகாது. அதனால் பொழுது சாய்ந்தபின் தினமும் கடைத்தெருவைச் சுற்றி நடக்கிறேன். தட்டு சின்னதாகிவிட்டது. மாத்திரை டாக்டர் சொல்லும்போது குறையும், அப்போது உடம்பும் குறையட்டும். அதுவரை வாழ்கிற உடம்புக்கு ஒரு ரவிக்கை வேண்டாமா?

குளுவாங் போனோம். காலையில் பந்தலில் இட்லி. வழக்கமாகக் குளியலறைக்குள் ஒளிந்து போடும் மாத்திரைகளை அன்று எல்லார் முன்னாலும் இலை ஓரத்தில் அடுக்கினேன். எதிரில் இருந்த அத்தை எண்ணினார்.

“இத்தன மாத்திர போட்டா ஒடம்பு ஏறாம என்னா பண்ணும்? பேசாம நிறுத்திட்டுப் பாரு.”

“நிறுத்திப் பாத்துட்டேன் அத்த. எளைக்கல, வீங்கிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன்.”

“அதுக்கில்ல மா, நாளைக்கி ஒன்னயும் பொண்ணு பாக்க வருவாங்கள்ல…”

“வரட்டும். கிட்னியோட இருக்கற பொண்ணத்தான பாப்பாங்க?”

பந்தியில் யாரோ சிரித்தார்கள். அம்மா என் தொடையைக் கிள்ளினார். நான் தண்ணீர்க் குவளையை எடுத்து, முதல் மாத்திரையை வாயருகே கொண்டுபோனேன். அத்தை எட்டி என் கையைப் பிடித்தார். பறித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் என் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இட்லி அப்படியே இருந்தது. “இரு, இரு. மொதல்ல சாப்புடு. வெறும் வயித்துல போடாத.”

இன்று காலை என் எடை எழுபத்தொரு கிலோ. ஒழுங்காக வேலை செய்யும் இரண்டு கிட்னியும் அதில் அடக்கம் என்பதால், யார் கேட்டாலும் அதைக் குறைத்துச் சொல்லும் உத்தேசம் எனக்கில்லை.