தென்னூரில் ஹலால் ராமென்: இருபத்திரண்டு பேர் வரவிருந்த மதியம்

சென்ற தை மாதம் ஒரு சனிக்கிழமை, நானும் என் தோழி ஷமீமும் மதுரையிலிருந்து திருச்சிக்குப் போனது ஒரு கிண்ணம் ராமென், அதாவது சாற்றில் மிதக்கும் ஜப்பானிய நூடுல்ஸ், சாப்பிட. அதற்காக மட்டும்தான். போக நூற்று முப்பது கிலோமீட்டர், வர நூற்று முப்பது கிலோமீட்டர். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

ஷமீம் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுப்பவள். பயிற்சிக்காக நகோயாவில் ஓராண்டு இருந்தாள். தங்கியிருந்த அறைக்கு நேர் கீழே ராமென் கடை. மாலையானால் வாசனை ஜன்னல் வழியாக ஏறி வருமாம். ஆனால் சாறு பன்றி எலும்பில் கொதித்தது, அதில் கலக்கும் கரைசலில் அரிசி மது. வேறு கடைகளில் விசாரித்துப் பார்த்திருக்கிறாள். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியதும் கூசிப்போய், நாளடைவில் கேட்பதையே விட்டுவிட்டாள். ஓராண்டு முழுக்க அறையில் வடித்த சோறும் முட்டையும்தான். தென்னூரில் ஹலால் ராமென் கடை நடக்கிறது, நடத்துபவர் ஜப்பானில் சமைத்துவிட்டு வந்த, மதுரைக்கும் திருச்சிக்கும் நடுவில் இருக்கும் மருங்காபுரிப் பெண் என்று அவளுடைய மாணவர் ஒருவர் சொன்ன அன்றே நாங்கள் நாள் குறித்துவிட்டோம்.

காலை 6.10க்கு மாட்டுத்தாவணியில் பஸ். ஆளுக்கு நூற்று இருபது ரூபாய். 9.05க்குப் பஞ்சப்பூர் புதிய பஸ் நிலையத்தில் இறங்கினோம். கடை திறப்பது பன்னிரண்டுக்கு என்பதால் முதலில் ஸ்ரீரங்கம். டவுன் பஸ்ஸில் ஒரு மணி நேரம்; பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அதிலொரு சின்ன மகிழ்ச்சி.

ராஜகோபுரத்தைக் கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு உத்திர வீதியில் ஒரு சுற்று நடந்தோம். சித்திரை வீதி முனையில் ஒரு சிறிய மெஸ். வாசல் பலகையில் 'வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. உள்ளே பொங்கலும் காபியும் சாப்பிட்டோம். அருமையான பொங்கல். ஷமீம் அந்தப் பலகையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே, "பாரு மாலதி, ஆசாரமா இருக்கிறவங்க யாரும் இங்க சர்வரைக் கூப்பிட்டு ஒவ்வொண்ணா விசாரிக்க வேண்டியதில்ல. வந்து உக்காந்தாப் போதும்" என்றாள். அவள் குரலில் குறை எதுவும் இல்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. எத்தனை ஊரில் எத்தனை ஹோட்டலில் அவள் விசாரித்து முடிக்கும்வரை நான் பொறுமையில்லாமல் உட்கார்ந்திருந்திருக்கிறேன்!

11.40க்கு ஆட்டோ பிடித்தோம். தென்னூருக்கு ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர், இருநூறு ரூபாய். இடத்தைச் சொன்னதும் டிரைவர், "ஓ, அந்த ஜப்பான் சேமியா கடைங்களா?" என்றார்.

"சாப்பிட்டிருக்கீங்களா?"

"ஒரு தடவை போனேங்க. கரண்டியும் குச்சியும் குடுத்தாங்க. குச்சியை ஓரமா வெச்சுட்டேன். சாறு மட்டும் ரெண்டு தடவை கேட்டு வாங்கிக் குடிச்சேன். காவேரிப் பாலத்துல காத்து வாங்கிட்டு வர்றப்ப அதே ருசி நாக்குலேயே நிக்குதுங்க."

கடை ஒரு மாடிவீட்டின் கீழ்த்தளம். ஏழு மேசைகள். பெயர்ப்பலகையில் தமிழிலும் உருதுவிலும் 'ஹலால்'. மாடியில் தொழுகைக்கு ஓர் அறை, தொழுமுன் கைகால் கழுவி ஒளூ செய்யக் குழாய். நாங்கள் உட்கார்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், தலையில் துணி கட்டிக்கொண்டு, ஒரு தட்டில் ஐந்தாறு பாட்டில்களை அடுக்கி எடுத்து வந்தார். கலைச்செல்வி, கடைக்காரர்.

"முதல் தடவை வர்றவங்களுக்கு நான் இதைக் காட்டிடுவேங்க. உள்ள என்ன சேர்க்கிறோமோ எல்லாம் இதுல இருக்கு. எடுத்துப் படிச்சுப் பாருங்க. சமையல்கட்டையும் பாக்கலாம்" என்றார்.

ஷமீம் வாய் திறந்து எதுவும் கேட்கவே இல்லை. அதற்குள் பதில் மேசைக்கு வந்துவிட்டது. அவள் கண் கலங்கியதை நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

கலைச்செல்வியின் குடும்பம் மானாவாரி விவசாயம். வேலை தேடி ஜப்பான் போனவர் ஒசாகாவில் ஒரு ராமென் கடையில் ஆறு வருடம் இருந்திருக்கிறார். "வாசல் வரைக்கும் வந்து, மெனுவைப் பாத்துட்டுத் திரும்பிப் போவாங்க, மலேசியாப் பிள்ளைங்க. எங்க ஓனருக்கு அது மனசு கேக்கல. ஒரு மாசம் கடையைப் பூட்டி, சட்டி பானை மொத்தத்தையும் மாத்திட்டு, கோழி மட்டும்னு ஆரம்பிச்சாரு. அங்க கத்துக்கிட்டதுதாங்க எல்லாம்." கோழி பாலக்கரையில் பாய் கடையிலிருந்து வருகிறது. எலும்பு எட்டு மணி நேரம் கொதிக்கிறது. நூடுல்ஸுக்கு ஜப்பானில் சேர்க்கும் காரநீருக்குப் பதில் இவர் சேர்ப்பது நம் அப்பளக்காரம். மதுவின் இனிப்புக்குப் பதில் அரிசிக் கஞ்சியும் நாட்டுச் சர்க்கரையும். கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

ஷமீம் ஒவ்வொரு பாட்டிலாகத் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தாள். சோயா சாஸ் பாட்டிலில் அவள் விரல் நின்றது.

"கலைச்செல்வி, இது எப்ப வாங்கினது?"

"நேத்து வந்த பெட்டிங்க. ஏன்?"

"கடைசி வரியில 'ஷுசெய்'னு போட்டிருக்கு. ஆல்கஹால். கெட்டுப்போகாம இருக்கச் சேர்க்கிறது."

கலைச்செல்வி பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அவருக்கு ஜப்பானிய மொழி பேச வரும், எழுத்து அரைகுறை. "பெட்டி அதே நிறம், அதே அளவு. ஆனா கம்பெனி வேற. நான் பாக்காம திறந்துட்டேன்" என்றார். முகம் வெளிறிவிட்டது. காலையில் அந்த சாஸை வைத்துத்தான் அன்றைக்கு முழுவதற்குமான 'தாரே'வைக் காய்ச்சியிருந்தார். கிண்ணத்தின் அடியில் முதலில் ஊற்றும் உப்புக் கரைசல் அது. ராமெனுக்கு ருசியே அதுதான். மணி 12.25. ஒன்றரைக்குப் புதுக்கோட்டையிலிருந்து ஒரு குடும்பம், இருபத்திரண்டு பேர், நிக்காஹ் பேசி முடித்த சந்தோஷத்தில் சாப்பிட வருவதாகச் சொல்லிவைத்திருந்தார்கள்.

ஷமீம் மெதுவாகச் சொன்னாள்: "இந்த அளவு இருந்தா பரவாயில்லன்னு சொல்ற, மார்க்கம் படிச்ச ஆலிம்களும் இருக்காங்க."

"இருக்கலாங்க. ஆனா அது சாப்பிடுறவங்க எடுக்க வேண்டிய முடிவு. அவங்களுக்குத் தெரியாம நான் எடுக்கக் கூடாது."

சொல்லிவிட்டு உள்ளே போனார். பின்னாலேயே போய்ப் பார்த்தோம். ஒரு பெரிய பாத்திரம் நிறைய இருந்த கருஞ்சாற்றைத் தொட்டியில் கவிழ்த்தார். தயங்கவில்லை. கரைசல் பட்ட கரண்டி, கிண்ணம் எல்லாவற்றையும் கழுவப் போட்டார். பிறகு கூடத்துக்கு வந்தார். அங்கே ஒரு மேசையில் மட்டும் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் பாதிக் கிண்ணம் சாப்பிட்டிருந்தார்கள். கைகூப்பி, நடந்ததை ஒரு வார்த்தை மறைக்காமல் சொன்னார். "பாத்துத் திறக்காதது என் தப்புங்க. மன்னிச்சிருங்க."

பெரியவர் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். "தெரியாம சாப்பிட்டதுக்கு அல்லாஹ் எங்களைப் பிடிக்க மாட்டான்மா. நீ சொல்லாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்கவும் செய்யாது" என்றவர், "வேற ஏதாவது செய்வியா? பசிக்குது" என்றார். அவர் மனைவி சிரித்துவிட்டார். அப்போதுதான் கலைச்செல்விக்கு மூச்சே வந்தது.

கோழிச்சாறு தனிப் பானையில் சுத்தமாக இருந்தது, கரைசல்தான் வேண்டும். ஜப்பானில் உப்பும் காய்ந்த சிறுமீனும் வைத்து ஒரு வகை செய்வார்களாம். "சிறுமீனுக்கு நம்ம நெத்திலிக் கருவாடு போதாதா?" என்றபடி அடுப்பை மூட்டினார். நான் கருவாட்டுக்குத் தலை கிள்ளினேன், ஷமீம் இஞ்சி சீவினாள். வறுத்து, தண்ணீர் ஊற்றி, கல்லுப்பு போட்டு, வடிகட்டி, முதல் கிண்ணத்தைப் பெரியவருக்குக் கொண்டுபோய் வைத்தபோது மணி 1.20. அவர் ஒரு வாய் குடித்தார். இரண்டு கைகளாலும் கிண்ணத்தைத் தூக்கிக் குடிக்க ஆரம்பித்தார்.

புதுக்கோட்டைக்காரர்கள் வந்ததும் வாசலிலேயே நிறுத்தி, அவர்களிடமும் சொன்னார். "சோயா ராமென் இன்னிக்கு இல்லீங்க, கருவாட்டு ராமென்தான்." கல்யாணப் பெண்ணின் அத்தை ஒருவர், "இம்புட்டுச் சொல்ற கடையில எதைக் குடுத்தாலும் சாப்பிடலாம், உள்ள வாங்க" என்று எல்லோரையும் அழைத்துக்கொண்டு நுழைந்தார். இருபத்திரண்டு பேரும் உறிஞ்சுகிற சத்தத்தில் கூடம் அதிர்ந்தது. ஷமீம் தன் கிண்ணத்தின் அடிவரைக்கும் குடித்துவிட்டு, "இப்பதான்டி ராமென் சாப்பிட்டேன்" என்றாள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கடை பன்னிரண்டிலிருந்து மூன்றரை வரை, மாலை ஆறிலிருந்து ஒன்பதரை வரை, செவ்வாய் விடுமுறை. கிண்ணம் 240 ரூபாய். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கூட்டம் நெரியும், இரண்டரைக்கு மேல் போங்கள். சைவர்களுக்குக் காளான் சாற்றில் ஒரு வகை உண்டு, அதற்கு அடுப்பும் பாத்திரமும் தனி. கருவாட்டு ராமென் இப்போது சனிக்கிழமைதோறும் கிடைக்கிறது. ஸ்ரீரங்கத்தைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் வீதி நடக்க முடியாது.

ஜப்பானிய உணவு என்றால் பெருநகரத்து நட்சத்திர ஹோட்டல் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். ஆனால் அது வறண்ட பூமியிலிருந்து போன ஒரு பெண்ணின் கையால் திருச்சிக்கு வந்திருக்கிறது, யாரையும் வாசலோடு திருப்பி அனுப்பாத ஒரு வழக்கத்தையும் கூட்டிக்கொண்டு. அந்தத் தொட்டியில் கருஞ்சாறு கவிழ்ந்தபோது, இவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர் என்று உரக்கச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

இப்போதெல்லாம் கடைக்குப் புதுப்பெட்டி வந்தால் அதன் பின்பக்கப் படம் ஷமீமின் போனுக்கு வந்துவிடுகிறது. போன வாரம் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தி, படத்தைப் பெரிதாக்கி, கடைசி வரி வரை படித்து, 'திறக்கலாம்' என்று பதில் போட்டாள். அந்த ஒரு வார்த்தை போகும்வரை தென்னூரில் மூடியில் யாரும் கை வைப்பதில்லை.