குஞ்சு வண்டி நிற்கக் கூடாது

அன்று வண்டியில் இருந்தவர்கள்: ஓட்டுநர் இருக்கையில் என் கணவர் சூசை. நடுவில் நான். சன்னலோரம், கோழிக்குஞ்சு பொரிப்பகத்தின் மேற்பார்வையாளர் ராமசாமி அண்ணன். பின்னால் அறுபது பெட்டிகளில், முட்டையை விட்டு வந்து ஒரு நாள்கூட ஆகாத ஆறாயிரம் குஞ்சுகள். வேறு யாரும் இல்லை.

வண்டி எங்களுடையது. மின்சாரத்தில் ஓடும் சின்ன லாரி, வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. அதுவரை சேலத்துக்கும் இளம்பிள்ளைக்கும் சேலை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தோம். போய்விட்டு வந்து வீட்டு வாசலில் சார்ஜ் போட்டால் போதும். நூறு கிலோமீட்டருக்கு மேல் வெளியூர்ச் சவாரி என்றால் இதுதான் முதல். நாமக்கல்லில் குஞ்சு ஏற்றி, ஆத்தூர் தாண்டித் தலைவாசலுக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் இறக்க வேண்டும். பொரிப்பக முதலாளி தெளிவாகச் சொல்லியிருந்தார். நூற்றுக்கு இரண்டு குஞ்சு வழியில் சாவது எல்லா வண்டியிலும் உண்டு. ஆறாயிரத்துக்கு நூற்றிருபது. அதற்குள் அடங்கினால் வாரம் ஒரு நடை எங்களுக்கு. தாண்டினால் கரண்ட் வண்டிக்கு இனி லோடு கிடையாது.

காலை 6.40, நாமக்கல். நான்கு மணிக்கே கிளம்பியிருக்க வேண்டியது. பொரிப்பதில் தாமதமாகி, தடுப்பூசி போட்டு, பெட்டியில் அடைத்து ஏற்றி முடிப்பதற்குள் வெயில் வந்துவிட்டது. பெட்டிக்கு நூறு குஞ்சு. ஒன்றின் உடம்புச் சூடு இன்னொன்றுக்கு ஏறும். வண்டி ஓடினால் இரண்டு பக்கமும் இருக்கும் சன்னல் வழியாகக் காற்று புகுந்து அந்தச் சூட்டை வாரிக்கொண்டு போகும். நின்றால் உள்ளே அடுப்புதான். அதற்காகக் கூரையில் நான்கு காற்றாடிகள் வைத்திருந்தோம்.

"குஞ்சு வண்டி நிக்கக் கூடாதுங்க அம்மிணி," ஏறி உட்கார்ந்ததும் ராமசாமி அண்ணன் சொன்னார். "நம்ம டீசல் வண்டிக்காரன் ஒண்ணுக்குக்கூட எறங்க மாட்டான்."

"இது நிக்காம போய்ச் சேராதுங்களே அண்ணா."

"அதப் பாக்கத்தான் என்னைய அனுப்பியிருக்காங்க."

முந்தின நாள் மாலையே வந்து பொரிப்பகத்துப் பிளக்கில் மாட்டியிருந்தோம். நடுவில் கரண்ட் போய் வந்ததில் தொண்ணூற்றொரு சதவீதம்தான் ஏறியிருந்தது. திரையில் 121 கிலோமீட்டர் போகும் என்று காட்டியது. அது காலி வண்டிக் கணக்கா, லோடு வண்டிக் கணக்கா? சூசையிடம் கேட்டேன். "வண்டிக்கணக்கு," என்றார்.

7.15, ஆண்டகலூர் கேட். இங்கே வழி பிரிகிறது. வலது கை திரும்பி ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, மல்லியக்கரை வழியாகப் போனால் மொத்தம் தொண்ணூற்றேழு கிலோமீட்டரில் பண்ணை வந்துவிடும். ஆனால் அந்த வழி முழுக்க என் போனில் ஒரு சார்ஜரும் தெரியவில்லை. நேராகச் சேலம் சுற்றிப் போனால் நூற்றிருபத்து நான்கு. மூன்று இடத்தில் சார்ஜர் இருப்பதாகக் காட்டியது.

"ரைட்ல போயிடலாம் ஸ்டெல்லா. இருபத்து நாலு கிலோமீட்டர் மிச்சமே இருக்கும்."

"ஏத்தம் இருக்குங்க அந்த வழில. காத்தாடி வேற அதே பேட்டரியில ஓடுது. மல்லியக்கரையில நின்னுட்டா குஞ்ச யாரு தலையில தூக்கறது?"

சூசை ராமசாமி அண்ணனைப் பார்த்தார். அவர் சன்னலுக்கு வெளியே சோளக்காட்டைப் பார்த்தார். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. சூசை நேராக விட்டார். (பண்ணையில் சார்ஜ் போட்டுக்கொண்டு நாமக்கல்லுக்குத் திரும்பி வரும்போது காலி வண்டியில் அந்த ராசிபுரம் வழியாகத்தான் வந்தோம். ஏற்றத்தில் சதவீதம் மளமளவென்று இறங்கியது. லோடோடு போயிருந்தால் சேர்ந்திருப்போமா, மாட்டோமா? எங்களுக்குள் அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.)

7.50, மல்லூர் பக்கம். சாலையோரம் பெரிய ஓட்டல், வாசலிலேயே மூன்று சார்ஜர். ஒன்றிலும் வண்டி இல்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. உள்ளே திரும்பும்போதே காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார்.

"லாரியெல்லாம் பின்னாடிங்க!"

"சார்ஜ் போடணுங்க."

"சார்ஜ் காருக்குங்க."

"இதுவும் கரண்ட் வண்டிதாங்க."

அவர் நம்பவில்லை. வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து புகைக்குழாயைத் தேடினார். எழுந்து வந்து, "கொழாய் இல்லதான். ஆனா லாரிதானுங்களே?" என்றார். உள்ளே போனில் கேட்டுச் சொன்னார்: சரக்கு வண்டி முன்னால் நின்றால் குடும்பத்தோடு வருகிறவர்கள் உள்ளே வர மாட்டார்களாம்.

"நானும் குடும்பத்தோடதாங்க வந்திருக்கேன்," என்றேன்.

பாவம், அவர் என்ன செய்வார். "பின்னாடி வேப்பமரம் இருக்குங்க, தண்ணிக்கொழாய் இருக்குங்க," என்றார். சார்ஜர் இல்லை. இந்த வழியில் மின் லாரியில் போகிறவர்கள் கவனத்துக்கு: போனில் பச்சைப் புள்ளி தெரிந்தால், சார்ஜர் அங்கே இருக்கிறது என்பது மட்டும்தான் உறுதி. லாரியை உள்ளே விடுவார்களா என்பது போனில் வராது.

8.15, சேலம் சீலநாயக்கன்பட்டி. பெட்ரோல் பங்கில் ஒரே ஒரு சார்ஜர். அதில் ஒரு வெள்ளைக் கார். உள்ளே ஏசி போட்டு ஒருவர் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தட்டினேன். சார்ஜர் திரையில் அறுபத்திரண்டு சதவீதம்.

"எத்தனைல எடுப்பீங்க சார்?"

"நூறு ஆனதும்."

"எண்பதுக்கு மேல ரொம்ப மெதுவா ஏறும் சார். பின்னாடி குஞ்சு இருக்குது."

"ஊட்டி போறேம்மா. மலை ஏறணும்ல?" கண்ணாடி ஏறிவிட்டது.

காத்திருக்கலாம் என்றால் வண்டி நிற்கக் கூடாது. ராமசாமி அண்ணன்தான் வழி சொன்னார். நான் சார்ஜர் பக்கத்தில் இடம் பிடித்து நிற்பது. அவர்கள் இருவரும் வண்டியைச் சர்வீஸ் ரோட்டில் சுற்றிச் சுற்றி ஓட்டிக் குஞ்சுக்குக் காற்று காட்டுவது. அப்படியே செய்தோம். என்னைத் தாண்டும்போதெல்லாம் சூசை இன்னும் எத்தனை கிலோமீட்டர் மிச்சம் என்று விரலில் காட்டிவிட்டுப் போனார். முதல் சுற்றில் ஐம்பத்தெட்டு. இரண்டாவதில் ஐம்பத்தாறு. நான்காவது சுற்றில் விரலைக் காட்டவே இல்லை, நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டு போனார். சார்ஜுக்குக் காத்திருப்பதற்காக, இருக்கிற சார்ஜைச் செலவு செய்துகொண்டிருந்தோம். கார் எழுபத்தொன்பதைத் தொட்டபோது நான் கையைக் காட்டி வண்டியை நிறுத்தி ஏறிக்கொண்டேன். மிச்சம் ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். பண்ணைக்கு இன்னும் எழுபதுக்கு மேல்.

"ரைட்ல போயிருந்தா இந்நேரம் மங்களபுரமே தாண்டியிருப்போம்," என்றார் சூசை. உடையாப்பட்டி, அயோத்தியாப்பட்டணம், மேட்டுப்பட்டி சுங்கச்சாவடி எல்லாம் போயின. நான் ஒன்றையும் பார்க்கவில்லை. திரையில் குறைந்துகொண்டே வந்த கிலோமீட்டரைத்தான் பார்த்தேன்.

9.20, வாழப்பாடி. மிச்சம் பதினேழு. கடைசிப் பச்சைப் புள்ளி ஒரு கல்யாண மண்டபத்தின் சுற்றுச்சுவருக்குள் இருந்தது. வாழைமரம் கட்டி, மேளம் வாசித்து, உள்ளே கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. யாரும் எங்களைத் தடுக்கவில்லை. சாமான் இறக்க வந்த வண்டி என்று நினைத்திருப்பார்கள். சார்ஜர் வேலை செய்தது. யூனிட் பத்தொன்பது ரூபாய். முதலில் ஐந்நூறு ரூபாய் போனில் கட்டினால்தான் திறக்கும் என்றது. கட்டினேன். சார்ஜர் கன்னை வண்டியில் மாட்டினேன். வண்டித் திரை, சாவியை எடு என்றது. சூசை எடுத்தார்.

கூரைக் காற்றாடிகள் நான்கும் நின்றன.

வண்டிக்குப் பாடி கட்டிய நாமக்கல் பட்டறையில் காற்றாடி ஒயரைச் சாவியோடு சேர்த்துப் போட்டிருந்தார்கள். டீசல் வண்டிக்கு அப்படித்தான் போடுவது. இல்லாவிட்டால் யாராவது அணைக்க மறந்து பேட்டரி இறங்கிவிடும். பட்டறைக்காரர் பழக்கத்தில் போட்டார், நாங்களும் பழக்கத்தில் தலையாட்டினோம். இங்கே சாவி போட்டிருந்தால் சார்ஜ் ஏறாது. சாவியை எடுத்தால் காற்று இல்லை. பண்ணை போய்ச் சேரும் அளவு ஏற முப்பத்தைந்து நிமிடம் என்று காட்டியது.

பின்கதவையும் எல்லாச் சன்னலையும் திறந்தோம். ஒரு இலைகூட அசையவில்லை. பரவலாகக் கேட்டுக்கொண்டிருந்த கீச்சுச் சத்தம் ஒரே கூச்சலாக ஏறியது. ராமசாமி அண்ணன் மேல் பெட்டியைத் திறந்து பார்த்தார். குஞ்சுகள் வாயைத் திறந்து, இறக்கையைப் பிரித்து நின்றன.

"கத்தட்டுங்க, கத்தறவரைக்கும் பரவால்ல," என்றார். "கத்தறது கொறைஞ்சாத்தான் வம்பு."

நான் மண்டபத்துப் பக்கம் ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று எனக்கே தெரியாது. தண்ணீர் கேட்கலாம் என்று இருந்திருக்கலாம். தாலி கட்டி முடிந்து கூட்டம் பந்திக்குப் போயிருந்தது. முன் பந்தலில் காலி நாற்காலிகள். அவற்றுக்கு முன்னால் ஆள் உயர மின்விசிறிகள் இரண்டு, யாருமில்லாத இடத்துக்குப் புயல் மாதிரி வீசிக்கொண்டிருந்தன.

பட்டு வேட்டிக்காரர் ஒருவர் வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். என்னையும் கும்பிட்டார். "வாங்க, வாங்க. நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

"ரெண்டும் இல்லீங்க. குஞ்சு வண்டி."

அவருக்குப் புரியவில்லை. கையைப் பிடித்து இழுக்காத குறையாக வண்டிவரை கூட்டிப்போய்க் காட்டினேன். அவர்தான் பெண்ணின் அப்பா, பெயர் கோவிந்தன், வாழப்பாடியிலேயே உரக்கடை வைத்திருக்கிறார் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. ஒரு பெட்டியைப் பார்த்தார். "அடக் கடவுளே," என்றார். திரும்பிப் பந்தல்காரரை ஒரு சத்தம் போட்டார். இரண்டு விசிறியும் ஒயரோடு தரையில் உருண்டு வந்தன. பின்கதவுக்கு ஒன்று, பக்கச் சன்னலுக்கு ஒன்று. காற்று பெட்டிகளுக்குள் புகுந்து எதிர்ப்பக்கம் பஞ்சு பஞ்சாகக் குஞ்சுமுடியை ஊதித் தள்ளியது.

பந்தியிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து சட்டையைத் தூக்கி விசிறிக்கொண்டார். "என்னா சம்பந்தி, ஃபேன் எங்க?"

"கோழிக்கு வுட்டிருக்கேன் மச்சான்."

"கறி பந்தியில கெடையாதுன்னு சொன்னாங்க, கோழிக்குப் பந்தல்ல காத்தா?"

"ஒங்க பக்கம் முந்நூறு பேரு வர்றதா சொல்லி நூத்தம்பதுதான் வந்தீங்க. எம்பக்கம் பாருங்க, ஆறாயிரம் பேரு வந்திருக்காங்க."

பெரியவர் சிரித்தபடி எழுந்து வண்டியைப் பார்க்க வந்தார். அவர் பின்னால் பாதிக் கல்யாணமும் வந்தது. பட்டுப்பாவாடைப் பிள்ளைகள் குஞ்சைத் தொடுவேன் என்று நின்றன. ஆட்கள் காற்றை மறைக்கிறார்களே என்று எனக்குப் பதைப்பு. கையை விரித்துக்கொண்டு, "தள்ளுங்க, தள்ளுங்க," என்று அழைப்பில்லாமல் வந்த கல்யாணத்தில் அழைப்போடு வந்தவர்களை நான் விரட்டிக்கொண்டிருந்தேன்.

கூச்சல் மெல்ல இறங்கிப் பழையபடி கீச்சுக் கீச்சென்று ஆயிற்று. ராமசாமி அண்ணனைப் பார்த்தேன், இதுவா நீங்கள் சொன்ன வம்பு என்று. "இல்லைங்க, இது தூக்கம்," என்றார்.

9.58. கன்னை எடுத்தோம். நான் கோவிந்தனிடம் ஐந்நூறு ரூபாயை நீட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. "எம்பொண்ணு கல்யாணத்தன்னைக்குக் காத்துக்குக் காசு வாங்கச் சொல்றியாம்மா?" பந்தல்காரரிடம் நீட்டினேன். வாடகை ஏற்கெனவே கல்யாண வீட்டுக் கணக்கில் ஏறிவிட்டது, இரண்டு முறை வாங்கினால் தொழில் நிலைக்காது என்றார். அந்த நோட்டை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். சூசை அதை என் கையிலிருந்து வாங்கி, மேலே ஒரு ரூபாய் வைத்து, மொய் மேசைக்குப் போனார்.

"பேரு?"

"சூசை."

"ஊரு?"

"சேலம், அம்மாபேட்டை."

"என்ன ஒறவு?"

சூசை வண்டியைக் கைகாட்டினார். எழுதுகிறவர் வெளியே எட்டிப் பார்த்து, 'குஞ்சு வண்டி' என்று எழுதிப் போன் நம்பரும் குறித்துக்கொண்டார். மொய் எழுதியவர்கள் சாப்பிடாமல் போகக் கூடாது என்று வழிமறித்தார்கள். நிற்க நேரமில்லை என்று நான் கெஞ்சிக்கொண்டிருந்தபோது ராமசாமி அண்ணன் பந்திக் கூடத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "ஏனுங்க, சார்ஜ் ஏறறப்பவே நான் உக்காந்துட்டனுங்க. பாயசம் அருமை. ஏறுங்க, போலாம்."

10.55, பண்ணை. ஆத்தூர் தாண்டியதும் காற்று இருந்தது. பெட்டி பெட்டியாக இறக்கிக் கொட்டகையில் விட்டு எண்ணினார்கள். எண்ணி முடிக்கும்வரை நான் வண்டியைவிட்டு இறங்கவில்லை. ஜெபமாலையைக் கையில் எடுத்துவிட்டு, கோழிக்குஞ்சுக்கு ஜெபிக்கலாமா என்று குழம்பி, மறுபடி பைக்குள் வைத்தேன். வெளியே ராமசாமி அண்ணன் முதலாளியிடம் போனில் பேசுவது கேட்டது.

"எழுவத்தி ஒண்ணுங்க. ஆமாங்க. இல்லைங்க, நிக்காம எங்கீங்க, நின்னுதுங்க. நின்னும் எழுவத்தி ஒண்ணுதானுங்க." முதலாளி சொன்னதைக் கேட்டுப் போனை வைத்தார். பிறகு சன்னலுக்கு வந்தார். "காத்தாடி ஒயரச் சாவியில இருந்து பிரிச்சுப் போட்டுட்டு அடுத்த புதன்கிழமை வரச் சொல்றாங்க. நானே கூட வாரேனுங்க. முகூர்த்த நாளாப் பாத்துக்கிட்டாப் போச்சு."

ஒயரைப் பிரித்துப் போட்டாயிற்று. அதன் பிறகு நான்கு நடை போய்வந்தோம். மல்லூர் ஓட்டலில் இன்னும் எங்களை விடவில்லை. சீலநாயக்கன்பட்டியில் எப்போது போனாலும் ஒரு கார் நிற்கிறது. எங்கள் தெருவில் ஒருவர் வீட்டில் கரண்ட் போனால் பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக்கொள்வோம், கேட்கக்கூட மாட்டோம். நெடுஞ்சாலையில் அப்படி நடக்காது என்றுதான் நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். இப்போதும் பயம் போகவில்லை. வாழப்பாடி வரைக்கும் பயம், வாழப்பாடிக்குப் பிறகு கொஞ்சம் குறைவு.

போன வாரம் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. விசிறியில் ஏதாவது உடைந்து, அதைக் கேட்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். கோவிந்தன்தான்.

"மொய் நோட்டைக் கூட்டிப் பாத்துக்கிட்டிருக்கோம்மா. ஒங்க வீட்டு விசேஷம் எப்போ?"

"இப்போதைக்கு ஒண்ணும் இல்லீங்களே. பொண்ணுக்கு மாதா கோயில்ல புதுநன்மை குடுப்பாங்க, அடுத்த வருஷம்."

"அது என்னன்னு எனக்குத் தெரியாது. எதுவா இருந்தாலும் சொல்லுங்க, வந்து செஞ்சிடறோம். சொல்லாம வுட்றாதீங்க, கடனாயிடும்."

எங்கள் வீட்டுக்கு வர வேண்டிய பணம் என்று ஒன்று இருப்பது எனக்குப் புதிது. வாழப்பாடியில் இன்றைய தேதிக்கு நிலுவை: ரூபாய் ஐந்நூற்று ஒன்று.